கட்டம் போட்ட தாளும் கணக்குப்பிள்ளையும்

ஆனைக்குட்டம் அணையின் நீர்மட்டத்தை எக்செல்லில் எழுதி வைக்கலாமா என்று யாராவது கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பேன். அர்ச்சுனா நதியின் குறுக்கே நிற்கிற அணை அது. விருதுநகர் நகராட்சிக்குக் குடிநீர் தருகிற ஆதாரங்களில் ஒன்று. காலையில் ஒரு அளவு எடுத்தால் தேதி ஒரு கட்டம், நீர்மட்டம் ஒரு கட்டம், வரத்து ஒரு கட்டம். வருஷத்துக்கு 365 வரி. எழுதுகிறவர் ஒரே ஆள், எழுதியதைத் திரும்பப் போய்த் திருத்தும் வேலையும் இல்லை. இதற்கு எக்செல்லை விடத் தோதான கருவி கிடையாது.

அதே ஆனைக்குட்டத்தின் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற பட்டாசு ஆலைகளில், இன்றைக்கு எந்த அறையில் யார் யார் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்கள் என்பதை எக்செல்லில் எழுதி வைக்கலாமா? இங்கேதான் தயக்கம் வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தேதி ஒரு கட்டம், அறை எண் ஒரு கட்டம், பெயர் ஒரு கட்டம். நீர்மட்டத்தில் ஒரு வரி தப்பினால் ஒரு நாள் அளவு போச்சு, அவ்வளவுதான். ஆனால் ஒரு அறை வெடித்தால், ஊரே ஓடி வந்து முதலில் கேட்கிற கேள்வி, "உள்ளே எத்தனை பேர், யார் யார்?" என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தாள் இது. பெயர் இருந்தால் நிவாரணம் கேட்கலாம். பெயர் இல்லாவிட்டால், அந்த ஆள் அங்கே வேலை பார்த்தார் என்பதையே வீட்டுக்காரர்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

விரிதாள் தரவுத்தளமாக முடியுமா என்ற கேள்விக்கு மென்பொருள்காரர்கள் ஒரே வார்த்தையில் "முடியாது" என்று சொல்லிவிடுவார்கள். கணக்கு எழுதுகிறவர்களிடம் கேட்டால், "இத்தனை வருஷமா ஓடுதே அண்ணாச்சி, என்ன கெட்டுப்போச்சு?" என்பார்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று பார்க்க, கணினிக்கு முந்திய ஒரு பழைய ஏற்பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த ஏற்பாடு நம் ஊர்க் கிராமக் கணக்கு.

பெட்டியின் மேலே இருந்த மூன்றாவது எண்

முதலில் விரிதாளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விரிதாள் என்ற சொல் கணினிக்கு முன்பே உண்டு. கணக்கர்கள் மேசையில் அகலமாக விரித்துப் போட்டு எழுதுகிற, நிறையக் கட்டங்கள் போட்ட பெரிய தாள் அது. 1978-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளினுக்கு அந்தத் தாளைத் திரையில் கொண்டுவரும் யோசனை வந்தது. பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க், 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. மொத்தமே 63 பத்தி, 254 வரி.

அது எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்ணும் தானே மாற வேண்டும். வட்டி ஒரு சதவீதம் கூடினால் என்ன ஆகும், சரக்கு விலை ஐந்து ரூபாய் குறைந்தால் லாபம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டுப் பார்க்கிற இயந்திரம் அது. கேட்டுப் பார்க்க வேண்டுமானால் எந்தக் கட்டத்திலும் எதை வேண்டுமானாலும் எழுதவும் அழிக்கவும் விட வேண்டும். "அங்கே எழுதாதே" என்று தடுக்கிற விரிதாளை வைத்து யோசனை பண்ண முடியாது. அந்தத் தாராளம்தான் அதன் உயிர்.

குழப்பம் தொடங்கியது 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3-இல். பெயரிலிருக்கும் மூன்று எண்களும் மூன்று வேலைகளைக் குறித்தன. ஒன்று விரிதாள், இரண்டு வரைபடம், மூன்று தரவுத்தளம்! பட்டியலை வரிசைப்படுத்தலாம், ஒரு பெயரைத் தேடி எடுக்கலாம் என்பதைத்தான் அவர்கள் தரவுத்தளம் என்றார்கள். ஆக, "எக்செல்தான் எங்கள் டேட்டாபேஸ்" என்கிற இன்றைய பேச்சுக்கு 40 வயது தாண்டிவிட்டது. அந்தப் பேச்சைத் தொடங்கியவர்கள் அறியாத வாடிக்கையாளர்கள் அல்ல, சரக்கை விற்றவர்களே.

எக்செல் 1985-இல் மெக்கின்டாஷுக்கும் 1987-இல் விண்டோஸுக்கும் வந்தது. 16,384 வரியாக இருந்தது 1997 பதிப்பில் 65,536 ஆனது, 2007 பதிப்பில் 10,48,576 ஆனது. இடம் கூடக்கூட, இதிலேயே எல்லாவற்றையும் போட்டு வைக்கலாமே என்ற ஆசையும் கூடியது.

காட் கேட்டது என்ன?

இன்னொரு பக்கம், விசிகால்க் வருவதற்கு 9 வருஷம் முன்பே, 1970-இல், ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்துக்காரர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், கணிதம் படித்தவர். இன்றைக்கு வங்கி முதல் ரயில் முன்பதிவு வரை ஓடுகிற உறவுநிலைத் தரவுத்தளங்களுக்கு அந்தக் கட்டுரைதான் அஸ்திவாரம். அதன் தலைப்பிலேயே இரண்டு அடைமொழிகள் உண்டு: தரவு வங்கி "பெரியது", "பலரால் பகிரப்படுவது". பெரியது என்பதை எல்லோரும் கவனிக்கிறார்கள். பகிரப்படுவது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

காட் சொன்னதையும் அதன்மேல் பிறகு கட்டியதையும் கணிதக் குறிகள் இல்லாமல் சொன்னால் நாலு விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு வரிக்கும் அதை மட்டுமே குறிக்கிற ஒரு சாவி வேண்டும். மேலிருந்து ஏழாவது வரி என்ற பேச்சே கூடாது. இடம் மாறினாலும் வரி அதேதான்.

இரண்டு, ஒரு செய்தி ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். ஒரே ஆளின் முகவரி மூன்று தாளில் இருந்தால், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மூன்றும் மூன்று விதமாகிவிடும்.

மூன்று, ஒரு அட்டவணை இன்னொன்றைச் சுட்டும்போது, சுட்டப்படுவது அங்கே நிஜமாகவே இருக்க வேண்டும். இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுத முடியாது.

நான்கு, இந்த மூன்றில் எது மீறப்பட்டாலும் எழுத விடாமல் மறுக்க வேண்டும்.

நாலாவதுதான் எல்லாவற்றுக்கும் காவல். விரிதாள் எதையும் ஏற்றுக்கொள்வதால் பயன்படுகிறது. தரவுத்தளம் சிலதை மறுப்பதால் பயன்படுகிறது. இரண்டும் எதிரெதிர் குணங்கள், ஒன்று பெரிதானால் மற்றது ஆகிவிடாது.

சர்வே எண் என்கிற சாவி

இப்போது கிராமக் கணக்குக்கு வருவோம். இந்த வட்டாரம் 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. 1985-இல்தான் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மாவட்டம் வந்தது. மாவட்டத்தின் பெயர் இப்படி மாறிக்கொண்டே இருந்தாலும், நிலத்தைப் பதிகிற முறை பெரும்பாலும் ஒரே அச்சில் இருந்தது. மன்றோ காலத்து ரயத்துவாரியில் வேர் விட்டு, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நில அளவையும் தீர்வை நிர்ணயமும் நடந்தபோது உருப்பெற்ற முறை அது. ஜமீன் ஊர்களுக்கு அந்த ஒழுங்கு 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முழுசாக வந்து சேர்ந்தது.

அந்த முறையில் ஒரு ஊருக்கு ஒரே புத்தகம் கிடையாது. நிலத்தின் வரிசைப்படி எழுதியது 'அ' பதிவேடு: ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் பரப்பு, மண்ணின் தரம், தீர்வை, பட்டா எண். ஆளின் வரிசைப்படி எழுதியது சிட்டா: இந்தப் பட்டாதாரருக்கு எந்தெந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், மொத்தம் எவ்வளவு தீர்வை. வருஷத்தின் வரிசைப்படி எழுதியது இரண்டாம் நம்பர் கணக்கான அடங்கல்: இந்தப் பசலியில் இந்தப் புலத்தில் என்ன பயிர், எந்தத் தண்ணீர். இவை போக ஒவ்வொரு புலத்துக்கும் அளவோடு வரைந்த புலப்படம்.

நிலம், ஆள், வருஷம் என்று மூன்று அட்டவணை. மூன்றையும் கட்டுகிற நூல் சர்வே எண்ணும் பட்டா எண்ணும். அடங்கலில் பட்டாதாரரின் ஜாதகம் முழுவதையும் எழுதத் தேவையில்லை, பட்டா எண் போதும். வேண்டுமென்றால் சிட்டாவைப் புரட்டிக்கொள்ளலாம். காட் பிறப்பதற்கு முன்பே, கணினி என்ற சொல்லே இல்லாத காலத்தில், கணக்குப்பிள்ளை கட்டுக் கட்டாகத் துணியில் சுற்றி வைத்திருந்தது ஒரு உறவுநிலைத் தரவுத்தளம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

சாவி விஷயத்தில் அவர்களுக்கு இருந்த கறாரைப் பாருங்கள். 45/2 என்ற நிலத்தை அண்ணன் தம்பி இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் 45/2ஏ, 45/2பி என்று ஆகும். பக்கத்து நிலங்களின் எண் நகராது. மறு அளவையில் எண்ணே மாறினால், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று ஒத்திட்டுப் பட்டியல் போட்டார்கள். வரிக்கு நடுவே ஒரு வரியைச் செருகினால் கீழே இருக்கிற எல்லா வரிசை எண்ணும் ஒன்று தள்ளிப்போகிற விரிதாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மறுக்கிற ஏற்பாடும் இருந்தது. பட்டா மாற வேண்டுமானால் தாசில்தாரிடமிருந்து உத்தரவு வர வேண்டும். கணக்குப்பிள்ளை தானாகப் பெயரை அடித்து எழுதக் கூடாது. வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தி. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிற பசலிக் கணக்குகளை எல்லாம் தாலுகாவுக்குக் கொண்டுபோய், மேலதிகாரி முன்னால் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்ப்பார்கள். இன்றும் நடக்கிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான கணக்கு பசலி 1434. 'அ' பதிவேட்டில் இருக்கிற பரப்பும் சிட்டாவில் இருக்கிற பரப்பும் ஒத்துவராவிட்டால் அங்கே கேள்வி வரும். கணினித் தரவுத்தளம் நொடிக்கு நொடி செய்கிற சரிபார்ப்பை, இவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை மனிதர்களை வைத்துச் செய்தார்கள்.

இதைச் சொல்லும்போது கணக்குப்பிள்ளையைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். எழுத மறுக்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில் ஊரே இருக்கிறது. பரம்பரையாக வந்த அந்தப் பதவி எழுதப் படிக்கத் தெரியாதவர்களை என்ன பாடு படுத்தியது என்பதற்குக் கிராமத்துக்குக் கிராமம் கதை உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். சரியான முடிவு. ஆனால் ஆள் மாறினாலும் பதிவேடுகளின் கட்டுமானம் மாறவில்லை. 'அ' பதிவேடு, சிட்டா, அடங்கல் எல்லாம் அப்படியே தொடர்ந்தன. நல்ல கட்டுமானத்துக்கு அது ஒரு அடையாளம்.

நகல் எடுக்கும்போது நடப்பது

தரவு கெடுவது பெரும்பாலும் எழுதும்போது அல்ல, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றி எழுதும்போதுதான். தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய சான்று யூ.டி.ஆர். வருவாய்ப் பதிவேடுகளை நடப்பு நிலைக்குக் கொண்டுவர 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த திட்டம். நோக்கம் நல்லதுதான். தாத்தா பெயரில் கிடந்த பட்டாவைப் பேரன் பெயருக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் பழைய பதிவேட்டிலிருந்து புதியதுக்குப் போகும்போது சிலருக்குப் பெயர் விடுபட்டது, சிலருக்கு அப்பா பெயர் மாறியது, சிலருக்குப் பரப்பு குறைந்தது, பாகப் பிரிவினை ஆன நிலம் கூட்டுப் பட்டா ஆனது. "யூ.டி.ஆர். தப்பு" என்பது இன்றும் கிராமத்தில் புழங்குகிற சொல். அதைத் திருத்தக் கோரி மாவட்ட வருவாய் அலுவலரிடம் இன்றும் மனு கொடுக்கிறார்கள். திட்டம் முடிந்து 35 வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இதில் ஒரு ஆறுதல் என்னவென்றால், பழைய பதிவேடு அழியவில்லை. தப்பு என்று காட்ட முடிகிறது, எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்குப் போனது என்று தொடர முடிகிறது. விரிதாளில் நகல் எடுத்து, மேலேயே ஒட்டி, சேமித்து மூடிவிட்டால் அந்தத் தடமே இருக்காது.

விரிதாளுக்கே உரிய ஒரு விபத்தும் இருக்கிறது. சர்வே எண் 12/3 என்று எக்செல்லில் அடித்துப் பாருங்கள். நம் ஊர்த் தேதி அமைப்பு உள்ள கணினியில் அது மார்ச் 12 ஆகிவிடும். 145/2 என்றால் அப்படியே இருக்கும், ஏனென்றால் அப்படி ஒரு தேதி கிடையாது. 12/3ஏ என்றாலும் எழுத்து இருப்பதால் தப்பித்துவிடும். ஆக, ஊர்ப் பட்டியலில் சில நிலம் நிலமாகவும் சில நிலம் தேதியாகவும் இருக்கும். கட்டத்தை முன்கூட்டியே "எழுத்து" என்று அமைத்துக்கொண்டால் தப்பலாம். ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் செய்ய வேண்டும், மறக்காமல் செய்ய வேண்டும்.

இது ஏதோ நம் ஊர்க் கூத்து என்று நினைக்க வேண்டாம். மரபணுக்களுக்கு செப்ட்2, மார்ச்1 என்று விஞ்ஞானிகள் வைத்திருந்த குறிகளை எக்செல் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிக்கொண்டே இருந்தது. பிரசுரமான ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில்கூடத் தேதிகள் புகுந்தன. கடைசியில் பெயரிடும் குழு மென்பொருளோடு மல்லுக்கட்ட முடியாமல், 2020-இல் மரபணுக்களின் குறியையே மாற்றியது.

அதே 2020-இல் இன்னும் கனமான சம்பவம் ஒன்று. கொரோனா காலத்தில் இங்கிலாந்துப் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் கொள்ளாது. அதற்கு மேல் வந்த வரிகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 பேரின் தொற்று முடிவுகள் கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போய் எச்சரிக்கிற வேலையும் அத்தனை நாள் தாமதமானது. பணமும் படிப்பும் இருக்கிற நாட்டிலேயே இது நடந்தது. அங்கே குறையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். இடம் இல்லாதபோது "இடம் இல்லை" என்று அந்தத் தாள் சொல்லவில்லை.

அறைக்கு நாலு பேர்

இப்போது ஆனைக்குட்டம் பக்கம் திரும்பலாம். பட்டாசு ஆலையை இந்த வட்டாரத்தில் உரிமத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள்: நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008-ஆம் ஆண்டின் விதிகளும் இவற்றுக்கு அடிப்படை. உரிமத்தோடு ஒரு வரைபடமும் சேர்ந்தே வரும். எந்த இடத்தில் எந்த அறை, அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த அறையில் எவ்வளவு மருந்து, எத்தனை ஆள் என்று எல்லாம் வரையறுத்திருக்கும். சாதாரண உற்பத்தி அறைக்கு நாலு பேர் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மருந்து கலக்குகிற அறையில் அதைவிடக் குறைவு.

ஏன் நாலு? வெடித்தால் நாலு பேரோடு போகட்டும் என்கிற கொடூரமான கணக்குதான். அந்தக் கணக்கைத் தாங்கி நிற்பது சுவரும் இடைவெளியும் பதிவேடும்.

பதிவேட்டைப் பற்றி 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. 62-ஆம் பிரிவு வயது வந்த தொழிலாளர்களின் பதிவேட்டைப் பற்றியது. அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாத யாரையும் வேலை செய்ய விடக் கூடாது என்று அதன் உட்பிரிவு ஒன்று சொன்னது. முதலில் பெயர், பிறகுதான் வேலை. மேலே சொன்ன மூன்றாவது விதியை இதை விடத் தெளிவாக எழுத முடியாது. 103-ஆம் பிரிவு இன்னொரு முனையிலிருந்து வந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் ஆலைக்குள் காணப்பட்டால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர் அங்கே வேலையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. அதாவது, பதிவேடு பொய் சொல்லக்கூடும் என்று சட்டத்துக்கே தெரிந்திருந்தது.

இந்த இரண்டையும் எக்செல்லில் எழுதிப் பார்ப்போம். ஏழாம் நம்பர் அறைக்கு நாலு பெயர் எழுதியாயிற்று. தீபாவளி நெருக்கத்தில் ஐந்தாவது பெயரை எழுதினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. எழுதலாம். ஆறாவதையும் எழுதலாம். நிஜத்தில் அதிகாரி வருவார் என்றால், எழுதாமலே விடலாம், சாயங்காலம் வந்து அழித்துவிடலாம். யார் எப்போது அழித்தார் என்ற தடம் அந்தக் கோப்பில் தானாக விழாது. "டேட்டா வேலிடேஷன் போட்டா தடுக்குமே" என்று சிலர் சொல்வார்கள். போடலாம். ஆனால் வேறிடத்திலிருந்து நகலெடுத்து அதன் மேல் ஒட்டினால் அந்தத் தடுப்பும் சேர்ந்து போய்விடும். மரியாதைக்கு ஒரு கயிறு கட்டி வைப்பது போல.

தரவுத்தளத்தில் இதே காரியத்தை எளிதாகச் செய்யலாம். ஒவ்வொரு அறைக்கும் 1, 2, 3, 4 என்று நாலு இட எண். தேதி, அறை, இடம் மூன்றும் சேர்ந்தது சாவி. ஒரு சாவிக்கு ஒரே வரி. ஐந்தாவது ஆளுக்கு இட எண்ணே கிடையாது, எழுத வராது. பெயருக்குப் பதிலாகத் தொழிலாளர் எண். இது முக்கியம், ஏனென்றால் நம் ஊரில் ஒரே தெருவில் நாலு மாரியம்மாள் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். ஒரு தாளில் மாரியம்மாள், இன்னொன்றில் மாரி, மூன்றாவதில் ஆங்கில எழுத்தில் வேறொரு விதம். உயிரோடு இருக்கும்போது போர்மேனுக்கு எந்த மாரியம்மாள் என்று தெரியும். போர்மேனும் அதே விபத்தில் சிக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்?

தரவுத்தளத்தாலும் முடியாதது

இவ்வளவு சொன்ன பிறகு, தரவுத்தளம் வந்தால் சரியாகிவிடும் என்று முடித்தால் அது பாதி உண்மை.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். எந்த ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருந்திருக்க வழியில்லை.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த நீதிபதி கே. கண்ணன் தலைமையிலான குழு விசாரித்தபோது, உரிமம் ஒருவர் பெயரிலும், அறைகள் உள்குத்தகைக்குப் போய் வேறு பலர் கையிலும் இருந்தது முக்கியமான காரணமாக வெளிப்பட்டது. இங்கே பதிவேட்டில் இருக்கிற ஆள் வேறு, நிஜத்தில் நடத்துகிற ஆள் வேறு. பொய்யை ஒழுங்காக எழுதித் தந்தால் தரவுத்தளம் அதை ஒழுங்காகவே பாதுகாத்து வைக்கும். சாவி சரியாக இருக்கும், வரி தப்பாது, செய்தி மட்டும் பொய்யாக இருக்கும்.

அதற்குத்தான் ஜமாபந்தி. தாளுக்கும் தாளுக்கும் ஒத்துப் பார்ப்பது ஒன்று, தாளுக்கும் நிலத்துக்கும் ஒத்துப் பார்ப்பது இன்னொன்று. அடங்கலில் பருத்தி என்று எழுதினால், வயலில் பருத்தி நிற்கிறதா என்று வருவாய் ஆய்வாளர் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பழைய முறையின் பகுதி. ஒழுங்காக நடந்ததா என்பது வேறு பேச்சு. ஆனால் பார்க்க வேண்டியது யார் கடமை என்று எழுதியிருந்தது.

விரிதாள்மேல் எனக்குக் கோபம் இல்லை. விருதுநகரில் பருப்பு, மல்லி, வத்தல் வியாபாரம் பார்க்கிறவர்கள் குறிப்பேடும் பேரேடும் எழுதிப் பழகியவர்கள். சிவகாசியோ கணக்கு நோட்டையும் டைரியையும் நாட்டுக்கே அச்சடித்து அனுப்புகிற ஊர். கட்டம் போட்ட தாள் இந்த மண்ணில் எல்லார் கைக்கும் பழகியது. அதைத் திரையில் கொண்டுவந்த எக்செல், யார் அனுமதியும் கேட்காமல் ஒரு சின்னக் கடைக்காரரைத் தன் கணக்கைத் தானே பார்க்க வைத்தது. கணக்குப்பிள்ளையிடம் போய் நிற்காத விடுதலை அது, சின்ன விஷயம் இல்லை.

ஆனால் பேரேடு எழுதியவர்கள் தங்கள் பணத்தை எழுதினார்கள், தப்பினால் தங்களுக்கு நஷ்டம். அறைப் பதிவேட்டில் எழுதுகிறவர் அடுத்தவர் உயிரை எழுதுகிறார். நான் பார்க்கிற கோடு இங்கேதான் விழுகிறது. வரி எண்ணிக்கையிலோ கோப்பின் அளவிலோ அல்ல. ஐம்பது பேர் வேலை பார்க்கிற ஆலைக்கு ஐம்பது வரிதான். எக்செல் சிரிக்காமல் தாங்கும். இருந்தாலும் அது தரவுத்தளத்தின் வேலை.

ஆகவே என் பதில் இது. எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே ஆளாக இருந்து, தப்பு அவர் தலையோடு போகும் என்றால் விரிதாள் போதும். எழுதுகிறவர் ஒருவர், அதை நம்பி நிற்கிறவர் இன்னொருவர், அதிலும் அந்த இன்னொருவரால் அந்தத் தாளைப் பார்க்கவே முடியாது என்றால், மறுக்கத் தெரிந்த ஒன்று வேண்டும். அது கணினியில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பக்க எண் அச்சடித்து, தைத்துக் கட்டி, காலையில் ஆள் உள்ளே போகும்போதே கையெழுத்து வாங்கி, நகலை வாசலுக்கு வெளியே வேறொருவரிடம் கொடுத்து வைக்கிற ஒரு நோட்டு, கடவுச்சொல் இல்லாத எக்செல் கோப்பை விட நல்ல தரவுத்தளம். அறை வெடித்தால் அலுவலகக் கணினியும் சேர்ந்து எரியக்கூடும். வெளியே இருக்கிற நோட்டில் ஏழாம் நம்பர் அறைக்கு நேரே நாலு கையெழுத்து இருக்கும்.